தேய்த்தால் போகாது

ஓசூர்
16.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை ஒன்று இருக்கிறது, ஆனால் பயப்படும்படி இல்லை. நீ, மாமா, தன்விக்குட்டி எல்லோரும் சுகமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்ததும் அத்தை "ஸ்பீக்கர்ல போடு" என்பார், பக்கத்து வீடு வரை கேட்கும். எனக்கோ ஓர் ஆள் எதிரில் நின்றாலே வாயில் பேச்சு வராது. அதனால் ஜோதியம்மாள் அக்காவின் தையல்கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். ஜாக்கெட் கொடுக்கப் போகும்போது வாங்கிக்கொள்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப். எடை மிஷினில் ஏறினேன், 98 காட்டியது. "அளவு தப்பாக் காட்டுது, மிஷினைக் காலிபரேஷனுக்கு அனுப்புங்கப்பா" என்று பின்னால் வரிசையில் நின்ற ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதுதான் பழக்கம்.

பெங்களூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். காலரை விலக்கி என் கழுத்தைப் பார்த்தார். அந்தக் கறுப்புப் பட்டை உனக்குத் தெரியுமே. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நாளைக்கு நல்லா தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்துடறேன் மேடம்" என்றேன்.

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை வருஷமா தேய்க்கிறே?"

"ஆறாங் கிளாஸ்லேர்ந்து."

"பேடா, பேடா, இனி தேய்க்க வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது அழுக்கில்லம்மா. உள்ளே இன்சுலின் அளவுக்கு மேலே சுரக்குது. அதுதான் தோல் தடிச்சு கறுத்துப் போச்சு."

அம்மா தேங்காய் நாரும் பயத்தமாவும் வைத்துத் தேய்த்து ரத்தம் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். என் தலையைப் பிடித்துக்கொண்டது நீதான். உன்மேல் கோபமில்லை. ஆனால் இத்தனை வருடம் நான் குளிக்கத் தெரியாதவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா.

ஒன்று கேட்கிறேன். திருவிழாவுக்கு வந்தபோது தன்வியின் கழுத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவளுக்கும் இருக்கிறதா?

உன் தங்கை,
ஜெயப்ரியா


பேரிகை
29.06.2024

என் ஜெயாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். கொத்தமல்லி அறுப்பு. கட்டுக் கட்டிக் கட்டி என் நகமெல்லாம் பச்சை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஹாஸ்டல் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

நீ கேட்டது இருக்கிறது. கழுத்தைச் சுற்றி, அக்குளிலும். ஐந்து வயதுக்கு முப்பத்தாறு கிலோ. பள்ளிக்கூட பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

அத்தை தினமும் பீர்க்கங்காய் நாரில் கல்லுப்பு வைத்துத் தேய்க்கிறார். "பொட்டப்புள்ளைக்குக் கழுத்து இப்படி இருந்தா நாளைக்கு எவன்டி தாலி கட்டுவான்?" என்கிறார். நேற்று தன்வி திரும்பிக் கேட்டாள்: "எனக்குத் தாலி வேணாம் பாட்டி, தேய்க்கறத நிறுத்தறியா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை பார்த்த பார்வையில் அது நின்றும் விட்டது.

"எல்லாம் உன் தங்கச்சி ஒடம்பு. உங்கம்மா கொண்டாந்த ரத்தம். எங்க வூட்ல எல்லாரும் முருங்கக்கா கணக்கா இருப்போம்" என்றார்.

நான்தான் அளவில்லாமல் போட்டுக் கெடுக்கிறேனாம். சத்தியமாகச் சொல்கிறேன் ஜெயா, பால் குடிக்கும் வயதிலேயே அவளுக்குப் போதும் என்பது கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பொற்கொடி


ஓசூர்
07.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை ஷிப்ட் பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

டாக்டரம்மாவை, அவர் வாராவாரம் வருகிற ஓசூர் கிளினிக்கில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதையும், நான் மூன்று வருடம் பயோகெமிஸ்ட்ரி என்று மனப்பாடம் செய்ததையும் சேர்த்து உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். எனக்கே இப்போதுதான் புரிந்தது.

எங்கள் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறவர் ஜெகதீஷ் அண்ணன். போன மே மாதம் அவர் "போதும், சரக்கு அனுப்பாதீங்க" என்று அனுப்பிய செய்தி சரக்கு வாங்குகிற பர்சேஸ் பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை. ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு. லாரி வந்துகொண்டே இருந்தது. ரேக்குகள் நிரம்பின. ஒரு டிரேயில் இருபது வைக்கிற இடத்தில் நாற்பது வைத்தார். அடியில் இருந்தவை நசுங்கின, துருப்பிடித்தன. அதற்கும் மேல் வந்ததை நடைபாதையில் அடுக்கினார், பிறகு மிஷின்களுக்கு நடுவில். கடைசியில் டிராலி நகர வழியில்லாமல் லைனே நின்றது. மேனேஜர் வந்து யாரைத் திட்டினார் தெரியுமா? ஜெகதீஷ் அண்ணனை.

உடம்பிலும் அப்படித்தான். சிலருக்குப் பிறவியிலேயே "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். கொழுப்பு என்று நாம் ஏசுகிறோமே, அதுதான் ஸ்டோர்ஸ். முடிந்தவரை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செல்லும் ஊதுகிறது, மூச்சு முட்டுகிறது, புண்ணாகிறது. அதற்கு மேல் முடியாமல் போகும்போது கொழுப்பு வழிந்து, இருக்கக் கூடாத இடமான ஈரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது. அப்புறம் இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் அங்கே திறக்க முடியாது. உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினை அனுப்பித் தட்டச் சொல்லும். அந்த அதிகம்தான் கழுத்தில் கறுப்பாகத் தெரிகிறது. பல வருடம் தட்டிக் களைத்துப் போனால் சர்க்கரை வியாதி.

கொழுப்பு நம் எதிரி இல்லை அக்கா. அது தாங்குகிறவரை தாங்கியது. எங்கள் உடம்பு சோம்பேறி உடம்பும் இல்லை.

நாரைத் தூக்கிப் போடு.

உன் தங்கை,
ஜெயப்ரியா


பேரிகை
21.07.2024

ஜெயாவுக்கு,

அக்கா எழுதுவது. சளி இருமல் தவிர வேறொன்றுமில்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

ஸ்டோர்ஸ் கதையை மூன்று தரம் படித்தேன். ஜோதியம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்ப மேனேஜருக்கு யாரு புத்தி சொல்றது?" என்று கேட்டாள். எனக்கும் ஒரு சந்தேகம். நம் அப்பா ஒல்லிதானே. அவருக்கு ஏன் முப்பத்தெட்டு வயதிலேயே சர்க்கரை வந்தது?

நாரை ஒளித்துவைத்துவிட்டேன். அத்தை செங்கல் துண்டு எடுத்துக்கொண்டார்.

குந்தாரப்பள்ளி சந்தையில் யாரோ சொன்னார்களாம், சாயங்காலச் சோற்றை நிறுத்திக் கொள்ளுத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் உடம்பு வற்றுமென்று. மூன்று வாரமாக அப்படித்தான். அரிசித் தவலைக்கும் மாவு டின்னுக்கும் பூட்டு. சாவி அத்தையின் இடுப்பில். உன் மாமா பார்த்தும் பார்க்காதவர் போல் இருக்கிறார்.

தன்வி அழுவதில்லை. நல்ல பிள்ளையாக மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

தக்காளிச் செடிக்கு மருந்தடிக்க வேண்டும். நிறுத்துகிறேன்.

பொற்கொடி


ஓசூர்
04.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பாதி பொய். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு தெரிகிறது. சர்க்கரை வரப்பில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை. மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். தன்வி எப்படி இருக்கிறாள்? அதை முதலில் எழுது.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். அவருக்கு ஸ்டோர்ஸே சின்னது. அரை லாரிச் சரக்கிலேயே நிரம்பி வழிந்துவிட்டது. என் எடையில் சர்க்கரை இல்லாதவர்களும் உண்டு, அவர்களுடைய ரேக் உறுதியானது. ஆளைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாதென்று டாக்டரம்மா சொல்கிறார்.

பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள். என் ரத்தம் கொடுத்துவிட்டேன். உன்னுடையது, மாமாவுடையது, தன்வியுடையது மூன்றும் வேண்டும். ஓசூர் கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்வார்கள். காரணம் இதுதான் என்று தெரிந்தால் அவளுக்கு எப்படி, எத்தனை வேளை சாப்பாடு கொடுப்பது, எப்போதிருந்து சர்க்கரை பார்ப்பது என்று அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். பட்டினி போடச் சொல்லவே மாட்டார்கள். பட்டினி போட்டால் அந்தப் பசி இன்னும் வெறிக்கும்.

அக்கா, அழாத பசி எனக்குத் தெரியும். அழுதால் யாராவது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் பிள்ளை அழும். நான் எட்டு வயதில் அழுகையை நிறுத்தினேன். அதன்பிறகு என்னென்ன தின்றேன் என்று உனக்குக்கூடச் சொன்னதில்லை.

தன்வி கொட்டகையில் என்ன செய்கிறாள்?

ஜெயா


ஓசூர்
01.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதி நான்கு வாரமாகிறது, உன் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை போன் செய்தேன், ஸ்பீக்கரில் "நல்லா இருக்கோம்" என்றாய். பின்னால் மாடு கத்தியது. தன்வியின் குரல் கேட்கவில்லை.

கோபமா? நான் அதிகம் எழுதிவிட்டேனா? ஒரு கார்டில் இரண்டு வரி போதும். நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

ஜெயா


பேரிகை
22.09.2024

ஜெயா,

சுகம் விசாரிக்க இன்று மனசு வரவில்லை, மன்னித்துக்கொள்.

ஆகஸ்டில் ஒரு காலை. பால் கறக்கப் போனேன். தொட்டி ஓரத்தில் தன்வி குந்தியிருந்தாள். கன்றுக்குட்டிக்கு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கில் இரண்டு கையையும் விட்டு, வாய் நிறைய அடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "கன்னுக்குட்டிதாம்மா குடுத்துச்சு" என்றாள்.

எழுத உட்காரும்போதெல்லாம் அந்த வாய்தான் கண்ணுக்கு முன் வந்தது. கன்றுக்குட்டியோடு விளையாடுகிறாள் என்று உனக்கு எழுதினேனே, அன்றே எனக்குள் சந்தேகம் இருந்தது. தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது, கன்று மெலிந்துகொண்டிருந்தது. தெரிந்தும் அப்படி எழுதினேன்.

வாந்தி பேதியில் மூன்று நாள் படுத்திருந்தாள். அத்தையிடம் சொன்னேன். அவர் கொட்டகைக்கும் ஒரு பூட்டு வாங்கிவரச் சொன்னார்.

நான் ஒரு கல் எடுத்து மாவு டின் பூட்டை உடைத்தேன். இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் எனக்கு அவ்வளவு சத்தம் போடத் தெரியும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. தன்விக்கு மூன்று வேளையும் நானே போடுகிறேன்.

ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு அத்தை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். "வியாதின்னு எழுதி வாங்கிட்டு வந்தா அந்தப் பேப்பர் அவளைச் சுடுகாடு வரைக்கும் தொரத்தும்" என்கிறார். அவர் சொல்லைத் தாண்டி உன் மாமா வரமாட்டார். எனக்குப் பூட்டு உடைக்கத்தான் தெரியும், விளக்கத் தெரியாது. நீ வா.

பொற்கொடி


ஓசூர்
02.10.2024

அக்காவுக்கு,

ஆயுத பூஜைக்கு மறுநாள் சனிக்கிழமை எங்களுக்கு லீவு. காலை பஸ்ஸில் வருகிறேன். என்ன பேசப்போகிறேன் என்று தாளில் எழுதிப் பார்த்தேன், நாலு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன். எழுதியதை மறந்துவிட்டால் அங்கே ஊமையாக நிற்பேன்.

தன்வியைக் கட்டிக்கொண்டேன் என்று சொல்.

ஜெயா


பேரிகை
20.10.2024

என் ஜெயாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? தலைவலி விட்டதா? இங்கே நானும் பிள்ளையும் நன்றாகவே இருக்கிறோம்.

நீ பேசியது உன் காதில் விழுந்திருக்காது, அவ்வளவு நடுக்கம் உனக்கு. அதனால் எழுதி அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

"என்னாடி, லீவு நாள்ல எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா?" என்றார் அத்தை. நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாய். சரி, இவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்புறம் தரையைப் பார்த்தபடியே ஆரம்பித்தாய்.

"அத்தை, நான் தின்னு குண்டாகல. எனக்குப் பசி அடங்காம பொறந்தேன். அது என் தப்பில்ல, தன்வி தப்பும் இல்ல. உங்க பேத்தி மாட்டுத் தொட்டியில கை வெச்சான்னா அது அவளுக்கு அசிங்கம் இல்ல. நமக்கு."

"அதுக்கு? வியாதிக்காரின்னு ஊரெல்லாம் சொல்லுவியா?"

"சொல்லுவேன். மொதல்ல என் பேரைச் சொல்லுவேன். இந்தக் கழுத்தை மூடாம சந்தையிலயே நின்னு சொல்லுவேன்."

அப்போதுதான் நீ தலையை நிமிர்த்தினாய். கழுத்தைச் சுற்றியிருந்த துப்பட்டா கீழே கிடந்தது.

உன் மாமா அதுவரை சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "ஓசூருக்குக் காலையில எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று என்னைக் கேட்டார். வாராவாரம் போகிற வழி அவருக்குத் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை மூன்று பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ஊசி போடும்போது தன்வி அழுதாள். சத்தமாக, வாய் திறந்து. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்கு மட்டும்தான் புரியும்.

அக்கா,
பொற்கொடி


ஓசூர்
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சர்க்கரை வரப்பிலேயே நிற்கிறது, நான் பிடித்து வைத்திருக்கிறேன். குளிர் அதிகம், தன்விக்குக் காது மூடிக் குல்லா போடு.

ரிப்போர்ட் வந்துவிட்டது. பசி அடங்கும் செய்தியைப் படிக்கிற ஒரு மரபணுவில் பிழை. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்கும். எனக்கு இரண்டிலும் பிழை, தன்விக்கும் அப்படியே. உனக்கு ஒன்றில் மட்டும். மாமாவுக்கும் ஒன்றில்.

மாமாவுக்கு எங்கிருந்து வந்தது? அப்பாவுக்கு நம் அம்மா மாமன் மகள், உனக்கு மாமா அத்தை மகன். அதற்கு முன்னும் அப்படியே கட்டிக்கொண்டவர்கள்தான். டாக்டரம்மா கோடு போட்டுப் பார்த்தார். எல்லாக் கோடும் ஒரே வீட்டுக்குப் போகிறது, அத்தையும் நம் அப்பாவும் பிறந்த வீட்டுக்கு. அம்மா கொண்டுவந்த ரத்தம், அப்பா கொண்டுவந்த ரத்தம் என்று இரண்டு இல்லை.

இதை வைத்து அத்தையைக் குத்த வேண்டாம். யாரும் கேட்டு வாங்கிய பிழை இல்லை. ஆனால் இனி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீ சும்மா நிற்கவும் வேண்டாம்.

பசியைக் குறைக்கிற மருந்து வெளிநாட்டில் வந்துகொண்டிருக்கிறதாம், நம் கைக்கு இன்னும் எட்டவில்லை. அதுவரை வேளை தவறாத அளவான சாப்பாடு, ஓடி விளையாட இடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அவள் ஒல்லியாகாமல் போகலாம். ஸ்டோர்ஸ் வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும். உணவுப் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
ஜெயப்ரியா


பேரிகை
19.01.2025

என் ஜெயாவுக்கு,

அக்கா எழுதுவது. பொங்கல் நன்றாக நடந்தது. உனக்கு லீவு கிடைக்காதது ஒன்றுதான் குறை. தன்வி ஒரு கிலோ கூடியிருக்கிறாள், உயரமும் கூடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு அவளைத்தான் முதலில் சேர்க்கிறார்களாம், அவள் பிடித்தால் யாராலும் நகர முடியாதாம்.

ரிப்போர்ட்டை அத்தைக்கு நான் வாசித்துக் காட்டினேன். குத்தவில்லை, உள்ளதை மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பேப்பர்ல மாரம்மா பேரு இருக்குதா?"

யார் மாரம்மா என்றேன். அவருடைய அக்காவாம். நமக்குப் பெரியத்தை. அப்பா வாயிலிருந்து இந்தப் பெயரை நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. ரொம்பக் குண்டாக இருந்தாராம், கல்யாணம் ஆகவில்லை, காலில் வந்த புண் ஆறாமல் இருபத்தாறு வயதில் போய்விட்டாராம்.

"ஒரு வேளைக் கஞ்சிதான் ஊத்துனோம். எங்கம்மா பூட்டு போடும், சாவி எங்கிட்ட இருக்கும்" என்றார் அத்தை. சல்லடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே மிச்ச மாவையும் சலித்தார்.

பொங்கலன்று சூளகிரியிலிருந்து அவருடைய நாத்தனார் வந்திருந்தார். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள், நானும் அத்தையும் பரிமாறிக்கொண்டிருந்தோம். தன்வி இலையில் நான் இரண்டாம் கரண்டி சோறு போட்டேன், உன் பட்டியலில் இருந்த அளவுதான்.

"என்னா சரோஜா, பேத்தி இப்பிடி ஊதிக்கினே போறா? நீயாவது மருமவளுக்குச் சொல்லக் கூடாதா, கொறைச்சிப் போடச் சொல்லி?" என்று அத்தையைக் கேட்டார் நாத்தனார்.

நான் வாயெடுப்பதற்குள் அத்தை கரண்டியோடு நிமிர்ந்தார்.

"இது எங்க வூட்டு ஒடம்பு. எங்க அக்காளுக்கு இருந்துச்சு, எம் பேத்திக்கும் இருக்குது. டாக்டரம்மா சொன்ன சோறு அது, ஒரு பருக்கை கொறையாது. நீ உன் எலையைப் பாத்துத் தின்னு."

அந்த அம்மா பாயசத்தை வேகமாகக் குடித்துவிட்டு நான்கு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

அக்கா,
பொற்கொடி